ஜிப்சியில் 1.3 எஞ்சின் மாற்றிய பிறகு ஆயில் கசிவு: பின்பக்க சீல் மாற்றியும் நிற்கவில்லை

ஆழியார்_ஜிப்சி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1989ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி. 970 சிசி எஞ்சின், நான்கு கியர். அப்பா வாங்கியது. தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றியே பாதி வாழ்நாள் கழிந்த வண்டி. பழைய எஞ்சினில் இரண்டு முறை போர் எடுத்தாகிவிட்டது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியாகிவிட்டது. மூன்றாவது முறை எடுக்க இரும்பில் கனம் இல்லை என்று லேத் பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். அதனால் கார்புரேட்டர் ஜிப்சி கிங்கின் 1298 சிசி எஞ்சினை, அதன் ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து, உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் ரசீதோடு வாங்கினேன்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வேலைக்கே போயின. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்தேன். கிராங்க் முன்பக்க சீல், கேம் சீல், டைமிங் பெல்ட் எல்லாம் புதிது. எஞ்சின் தலையை மூடும் டேப்பெட் கவரின் கேஸ்கெட்டும் புதிது. கிராங்கின் பின்கோடியில் ஆயிலைத் தடுக்கும் பின்பக்க சீல் காய்ந்து சுத்தமாக இருந்ததால் அதைத் தொடவில்லை. எஞ்சின் இறங்கி உட்கார்ந்து முதல் சாவியிலேயே உயிர் பெற்றது. முதல் 200 கிலோமீட்டர் கீழே ஒரு சொட்டு இல்லை.

பிறகு வால்பாறை போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே போய்த் தேநீர்க் கடை ஓரம் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் அடியில் உள்ள துளையிலிருந்து கறுப்பாகச் சொட்டுகிறது. போய்த் திரும்பிய 130 கிலோமீட்டரில் ஆயில் குச்சியில் மேல் கோட்டிலிருந்து பாதி இறங்கிவிட்டது.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டிக்கு அடியில் படுத்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, பின்பக்க சீல் போய்விட்டது என்றார்கள். கியர் பெட்டியை இறக்கி, கிளட்சைக் கழற்றி, சீல் மாற்றி, இரண்டு நாள் வேலை. சீலின் விலையைவிடக் கூலி பல மடங்கு. அடுத்த வாரம் மறுபடி வால்பாறை. மறுபடி அதே துளை, அதே சொட்டு.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குச் சமவெளியில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. மலை ஏறினால் மட்டும்தான் கசிகிறது. மறுபடி கியர் பெட்டியை இறக்கச் சொல்கிறார்கள். இறக்குவதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

பழைய_இரும்பு

தம்பி, கியர் பெட்டியைத் தொடாதீர்கள். முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

சொட்டுவது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா? விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக நெடி மூக்கைப் பிடிக்கும். பெல் ஹவுசிங்குக்குள் இரண்டும் வரும். கியர் பெட்டியின் முன் தண்டு சீல் கசிந்தாலும் அதே துளை வழியாகத்தான் சொட்டும்.

கழற்றிய பழைய சீலை வைத்திருக்கிறீர்களா? அதன் உதடு கல் போல இறுகியிருந்ததா, மெத்தென்று இருந்ததா? மெத்தென்று இருந்தால் நல்ல சீலைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஜிப்சியில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில், எஞ்சின் அறையை உட்காரும் இடத்திலிருந்து பிரிக்கும் தீச்சுவரை ஒட்டி நிற்கிறது. அதைத் தாங்கும் அலுமினியப் பெட்டிக்குள் கேம் ஷாஃப்ட் சுழற்றும் பல்சக்கரம் ஆயிலில் ஓடுகிறது. அந்தப் பெட்டி ஹெட்டோடு சேரும் விளிம்பில் கசிந்தால் ஆயில் எங்கே போகும்? ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, பிளாக்கின் முதுகு வழியாக வழிந்து, பெல் ஹவுசிங்கின் தலையில் விழும். அங்கிருந்து இடுக்கு வழியாக உள்ளே போய் அடித்துளையில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குப் பின்பக்க சீல் போலவே தெரியும். இந்த எஞ்சினில் இப்படி ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

கையை டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டிக்கு அடியில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். விரலில் என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

---

மலைப்பாதை

எஸ்டேட்டில் 22 வருடம் ஜீப் ஓட்டியவன் நான். சொட்டாத வண்டியை நான் பார்த்ததே இல்லை. 20டபிள்யூ50 என்ற கெட்டி ஆயில் ஊற்றுங்கள், கசிவு பாதியாகும். மாதம் கால் லிட்டர் சேர்த்து ஊற்றினால் போதும். அதற்காக எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு.

---

நொய்யல்_கரை

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் உடன்பட முடியாது. சொட்டுவது பெல் ஹவுசிங்குக்குள். ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் அதன் உராய்வுப் பூச்சு ஊறிவிடும். முதலில் வண்டி கிளம்பும்போது அதிரும், பிறகு வழுக்கும். முப்பதாவது வளைவில் முழுப் பாரத்தோடு நிற்கும்போது கிளட்ச் வழுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டிலிருந்து வழியும் ஆயில் சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பற்றும் அபாயமும் இருக்கிறது.

ஆழியார்_ஜிப்சிக்கு: சீல் மாற்றியவர்கள் வெறும் சீலை மட்டும் மாற்றினார்களா, சீல் பொருந்தும் அலுமினியத் தட்டையும் கழற்றினார்களா? கழற்றியிருந்தால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். அந்தத் தட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள காகிதக் கேஸ்கெட் மாட்டியபின் சம்ப் பக்கம் சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிளேடால் சம்ப் உட்காரும் பரப்போடு மட்டமாக அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் சம்ப்பை ஏற்றினால் அந்த மூலையில் நூலளவு இடைவெளி விழும். பிளாக், தட்டு, சம்ப் மூன்றும் சேரும் மூலைதான் கசிவுக்குப் பிடித்தமான இடம்.

கிராங்கில் பழைய சீல் உதடு உராய்ந்த இடத்தில் நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்பட்டதா என்றும் கேளுங்கள். பள்ளம் இருந்தால் புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க வேண்டும், அல்லது கிராங்க் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்ற வேண்டும். அதே பள்ளத்தில் புதிய சீலை உட்கார வைத்தால் பழையபடிதான் கசியும்.

---

ஆழியார்_ஜிப்சி

பதில்களுக்கு நன்றி. மூன்று நாள் வேலையை மொத்தமாக எழுதுகிறேன்.

நெடி இல்லை, எஞ்சின் ஆயில்தான். பட்டறையில் கேட்டேன்: தட்டைக் கழற்றவில்லை, சீலை மட்டும் நெம்பி எடுத்துப் புதியதை அடித்து ஏற்றினார்களாம். பழைய சீலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். உதட்டை வளைத்தால் மெத்தென்று வளைகிறது, வெடிப்பு இல்லை. பழைய_இரும்பு ஐயா சொன்னதைப் படித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டிக்கு அடியில் கையை விட்டேன். பனியன் வேஸ்ட் துணி கறுப்பாக வந்தது. ஆனால் அந்தப் பகுதி முழுவதுமே முப்பது வருட அழுக்கு. புதுக் கசிவா, பழைய பிசுக்கா என்று சொல்ல முடியவில்லை.

அதனால் டீசலும் தூரிகையும் வைத்து எஞ்சினின் முதுகு முழுவதையும் கழுவினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் காயில் கம்பிகளையும் பிளாஸ்டிக் உறை கட்டி மறைத்துவிட்டுத்தான் தண்ணீர் அடித்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். டேப்பெட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டியின் விளிம்பு, பிளாக்கின் பின்பக்கம் எல்லா இடத்திலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை ஊதிவிட்டேன். பவுடர் மேல் ஆயில் பட்டால் உடனே கோடாகத் தெரியும்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை இருபது நிமிடம் ஓட்டினேன். விசிறி இரண்டு முறை போட்டு நின்றது. பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. சமவெளியில் 30 கிலோமீட்டர் ஓட்டினேன். அப்போதும் வெள்ளை. கசிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

---

உடுமலை_வாணி

ஆழியார்_ஜிப்சி அண்ணா, உங்கள் பதிவைப் படித்தபோது என் வண்டியைப் பற்றியே எழுதியது போலிருந்தது. நானும் 970 ஜிப்சியில் 1.3 ஏற்றியிருக்கிறேன். எனக்கும் மூணாறு சாலையில்தான் கசிந்தது. மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் சாய்கிறது அல்லவா? ஹெட்டில் உள்ள ஆயில் எல்லாம் பின்கோடியில் தேங்கி, சமவெளியில் நனையாத இடத்தை அங்கே நனைக்கிறது என்று என் மெக்கானிக் சொல்கிறார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

---

பழைய_இரும்பு

வாணி அம்மா சொல்வது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் அறைக்குள் இறங்கும். சும்மா ஓடும்போது குறைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிப் பாரத்தோடு ஏறும்போது அதிகம். அந்த வாயு வெளியே போகத்தான் டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வாயு வெளியேறும்.

சாய்வா, அழுத்தமா? முதலில் சாய்வைப் பார்த்துவிடுங்கள். தோப்பில் வாய்க்கால் மேடு இருக்குமே, வண்டியின் மூக்கை மேலே ஏற்றி நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் எஞ்சினை ஓட விடுங்கள். சாய்வுதான் காரணம் என்றால் பவுடரில் கோடு விழ வேண்டும்.

விழவில்லை என்றால் மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் ஊசிக் குழாய் ஒன்று வாங்குங்கள். ஒளி ஊடுருவும் குழாயாக இருக்க வேண்டும். மரப்பலகையில் யூ வடிவில் அடித்து, பாதி வரை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டுங்கள். ஆயில் குச்சியை உருவிவிட்டு, அந்தக் குழாயின் வாயில் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். உள்ளே அழுத்தம் இருந்தால் தண்ணீர் திறந்த பக்கம் ஏறும், இழுப்பு இருந்தால் எஞ்சின் பக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். ஆரோக்கியமான எஞ்சினில், மூச்சுக் குழாய் ஒழுங்காக இருந்தால், சும்மா ஓடும்போது தண்ணீர் எஞ்சின் பக்கம் லேசாக இழுபட வேண்டும்.

---

ஆர்சி_புத்தகம்

வேலைக்கு நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். இருவரும் எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவுச் சான்றிதழோடு தெரிவிக்கவும் வேண்டும். சான்றிதழில் பழைய எஞ்சின் எண் இருந்து, வண்டியில் வேறு எண் இருந்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும். இப்போது மாட்டியிருக்கும் எஞ்சினை விற்றவர் கொடுத்த ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதி வாங்குங்கள்.

---

ஆழியார்_ஜிப்சி

ரசீதில் எண் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் வேலையைத் தொடங்கினேன். நினைவூட்டியதற்கு நன்றி.

வாய்க்கால் மேட்டில் நாற்பது நிமிடம் மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். பவுடரில் கோடு இல்லை. வாணி, சாய்வு மட்டும் காரணம் இல்லை என்று இதில் தெரிந்துவிட்டது.

பிறகு குழாய். மருந்துக் கடையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள். வண்டிக்கு என்று சொன்னேன். அக்கா மகன் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொடுத்தான், தண்ணீரில் கொஞ்சம் நீலச் சொட்டு கலந்துகொண்டோம், மட்டம் தெளிவாகத் தெரிகிறது.

சும்மா ஓடும்போது இழுப்பு இல்லை. திறந்த பக்கம் 2 சென்டிமீட்டர் ஏறி நிற்கிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் 9 வரை போகிறது. இதுவே தவறு என்று ஐயா சொன்னதிலிருந்து புரிந்தது. ஆனாலும் மலையில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. குழாயை நீட்டித் தீச்சுவர்த் துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, பலகையை நண்பன் மடியில் நிறுத்திவைத்தோம். ஆழியார் சோதனைச் சாவடி தாண்டி ஒன்பதாவது வளைவு வரை அவன் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தான். பதினான்கு. பதினெட்டு. வளைவில் கியர் மாற்றும்போது இறங்குகிறது, மறுபடி அமுக்கினால் ஏறுகிறது. இருபத்திரண்டு என்றான். அடுத்த ஏற்றத்தில் நீலத் தண்ணீர் குழாயின் வாயைத் தாண்டி அவன் சட்டையில் கொட்டியது.

காட்சி முனையில் நிறுத்திவிட்டுப் போனட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டி ஹெட்டோடு சேரும் கோட்டில், தீச்சுவர் பக்கம், பவுடர் பழுப்பாக மாறி, அங்கிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தாரை நேராகக் கீழே போகிறது. அதன் இருபுறமும் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. கைப்பேசியைப் பின்னால் நீட்டி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். டேப்பெட் கவர் ஓரம் முழுக்கக் காய்ந்திருக்கிறது.

---

பழைய_இரும்பு

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. படம் தெளிவாக இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 22 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது இரண்டு கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். ஒழுங்கான உதட்டு சீல் இதை எளிதாகத் தாங்கும். பழைய சீலும் தாங்கியது, புதிய சீலும் தாங்குகிறது. தாங்காதது அந்தப் பெட்டியின் இணைப்பு. ஆனால் இணைப்பை மட்டும் சரிசெய்துவிட்டு அழுத்தத்தை விட்டுவிட்டால், ஆயில் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம், அளந்துவிடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், அப்போது கதை வேறு. நான்கும் நெருக்கமாக இருந்தால் மூச்சுக் குழாயைத் தேடுங்கள். 970இன் ஏர் கிளீனரைத்தானே மாட்டியிருக்கிறீர்கள்? குழாய் எந்த வழியாகப் போகிறது?

---

ஆழியார்_ஜிப்சி

கம்ப்ரஷன் 165, 160, 165, 160. நான்கும் நெருக்கம். நிம்மதியாக இருந்தது.

ஐயா, நீங்கள் கேட்ட ஏர் கிளீனர்தான். அதே இடம்தான்.

எஞ்சினோடு வந்த ஏர் கிளீனர் துருப்பிடித்திருந்ததால் பழைய 970இன் ஏர் கிளீனரையே மாட்டினேன். அதன் மூச்சுக் குழாய் வாய் வேறு பக்கம் இருக்கிறது. எஞ்சினோடு வந்த குழாயைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோய்ச் செருகினேன். வெளியே பார்த்தால் வளைவு இதமாகத்தான் இருந்தது, மடங்கவில்லை, அமுங்கவில்லை. அதனால்தான் இத்தனை நாள் அதைச் சந்தேகிக்கவில்லை.

கழற்றி வாயால் ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை உள்ளே விட்டேன். நான்கு அங்குலம் போய் மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. குழாயை நீளவாக்கில் கத்தியால் கிழித்தேன். வெளித்தோல் ரப்பர் நன்றாக இருக்கிறது. நடுவில் நூல் பின்னல். உட்தோல் மட்டும் முப்பது வருட ஆயில் ஆவியில் ஊறி உப்பி, பின்னலிலிருந்து பிரிந்து, வளைவு இருக்கும் இடத்தில் உள்பக்கமாக மடிந்து உட்கார்ந்திருக்கிறது, இரவில் மூடிய தொட்டாற்சிணுங்கி இலையைப் போல. நடுவில் தீக்குச்சி போகும் அளவுக்கு ஓட்டை. சமவெளியில் அந்த ஓட்டை போதுமானதாக இருந்திருக்கிறது. மலையில் போதவில்லை.

ஆயில் தாங்கும் ரப்பர்க் குழாய் புதிதாக வாங்கினேன். தண்ணீர்க் குழாய் வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார், அது ஆயிலில் ஊறிக் கூழாகிவிடுமாம். டேப்பெட் கவரின் குழாய் வாயையும் கம்பி வைத்துக் குடைந்தேன். கருப்பு மண் போல நிறைய வந்தது. கவரைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன், எதுவும் ஹெட்டுக்குள் விழக்கூடாது என்பதற்காக.

குழாயை மாட்டி நீலத் தண்ணீரைப் பார்த்தேன். சும்மா ஓடும்போது எஞ்சின் பக்கம் 2 சென்டிமீட்டர் இழுக்கிறது. அந்தத் தண்ணீர் திசை மாறி நின்றதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை.

---

நொய்யல்_கரை

அருமை! இனி டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டி. அவசரப்படாதீர்கள். கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் பெட்டியோடு சேரும் இடத்தில் ஆணியால் கோடு கீறுங்கள். மூடியைக் கழற்றி, ரோட்டர் எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதையும் குறியுங்கள். உள்ளே பல்சக்கரம் சாய்ந்த பல்லுடையது. உருவும்போது ரோட்டர் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழன்று நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டால் திரும்ப ஏற்றும்போது அங்கிருந்து தொடங்கலாம். இதைக் குறிக்காமல் விட்டு ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

இணைப்பில் தடவிய பழைய சீலன்ட் பசையைச் சுரண்ட எஃகுக் கத்தி வேண்டாம். இரண்டு பக்கமும் அலுமினியம், கீறல் விழுந்தால் அதுவே கசிவுப் பாதை ஆகிவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தைத் தீட்டிச் சுரண்டுங்கள். கடைசியாகப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு விரலால் தொடாதீர்கள். கை எண்ணெயே சீலன்டைப் பிடிக்கவிடாது. சீலன்ட் மெல்லிய கோடாகப் போதும், தீக்குச்சிக் கனம். போல்ட் துளையைச் சுற்றி உள்பக்கமாக வளைத்துக் கொண்டுபோங்கள். அதிகமாக வைத்தால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உடைந்து, சம்ப்பில் விழுந்து, சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் ஆயில் பம்ப்புக்கு ஆயில் போகாமல் எஞ்சினையே இழந்தவர்கள் உண்டு.

---

பழைய_இரும்பு

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. பெட்டியை மாட்டியபின், எஞ்சினைக் கிளப்பும் முன், அதற்குள் சுமார் 60 மில்லி எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். ஹெட்டிலிருந்து ஆயில் வந்து சேரும்வரை பல்சக்கரம் வறட்டு ஓட்டம் ஓடக்கூடாது.

---

ஆழியார்_ஜிப்சி

முடித்துவிட்டேன்.

பெட்டியைக் கழற்றத்தான் மூன்று மணி நேரம். தீச்சுவருக்கும் அதற்கும் நடுவில் கை நுழையாது. ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டித் திருப்ப வேண்டும். எஞ்சின் தரையில் நின்றபோது இதே வேலை பத்து நிமிடம். அப்போது முன்பக்கத்தில் காட்டிய அக்கறையைப் பின்பக்கத்திலும் காட்டியிருக்க வேண்டும். வாணி, உங்கள் எஞ்சினை வெளியே எடுக்க நேர்ந்தால் இந்தப் பெட்டியை அப்போதே கழற்றிப் பாருங்கள்.

விளிம்பில் இரண்டு அடுக்கு சீலன்ட் இருந்தது. அடியில் கறுப்பு, அதன் மேல் சாம்பல் நிறம். யாரோ பழையதைச் சுரண்டாமலே மேலே தடவி ஒட்டியிருக்கிறார்கள். தீச்சுவர் பக்க மூலையில் சாம்பல் நிறம் கறுப்பைப் பிடிக்கவே இல்லை, நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. பவுடரில் பார்த்த தாரை தொடங்கிய அதே மூலை. டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்கும் சதுரமாகத் தட்டையாகியிருந்தது. அதையும் மாற்றினேன்.

60 மில்லி ஆயிலை மருந்து அளக்கும் மூடியால் அளந்து ஊற்றினேன். ஒரு இரவு சீலன்டைக் காயவிட்டு, காலையில் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தேன். குறித்த கோடுகள் சரியாக இருந்ததால் சிறு திருத்தம்தான் தேவைப்பட்டது.

ஆனால் இன்னொரு சின்னக் கசிவு தெரிகிறது. இத்தனை நாள் அழுக்கில் மறைந்திருந்தது போலும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் ஆயில் அழுத்த மானி மாட்டுவதற்காக மூன்று வாய் இணைப்பு ஒன்று போட்டிருந்தேன். அதன் அடியில் ஈரம். இறுக்கிப் பார்த்தேன், குறையவில்லை.

---

நொய்யல்_கரை

மேலும் இறுக்காதீர்கள்! பிளாக்கில் உள்ள மரை ஜப்பானிய வண்டிகளில் வரும் பிஎஸ்பிடி வகை, அங்குலத்துக்கு 28 புரி. கடைகளில் மானியோடு வரும் இணைப்புகள் பெரும்பாலும் என்பிடி, 27 புரி. இரண்டும் எட்டில் ஒரு அங்குல அளவு என்பதால் கையால் திருகினால் முதல் சில சுற்று ஏறிவிடும், சரியானது போலவே இருக்கும். பிறகு பிளாக்கின் மரையை அறுக்கத் தொடங்கும். அலுமினிய பிளாக்கில் மரை போனால் சரிசெய்வது பெரிய வேலை. கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சை மாட்டுங்கள். மானி வேண்டும் என்றால் பிஎஸ்பிடி இணைப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

---

மலைப்பாதை

முழு இழையையும் இரவு உட்கார்ந்து படித்தேன். கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த ஆயில் கசிவைக் கொஞ்சம் மெதுவாக்கியிருக்கும், அழுத்தம் அப்படியே இருந்திருக்கும், பிறகு அது வேறெங்கோ வெடித்திருக்கும்.

எஸ்டேட் ஜீப்களில் மூச்சுக் குழாயை நாங்கள் ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை. என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் இன்று காலை கழற்றினேன். பாதி அடைப்பு. கழுவி மாட்டிவிட்டேன்.

---

ஆழியார்_ஜிப்சி

அண்ணா, நீங்கள் அப்படி எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நாங்கள் எல்லோரும் உங்கள் மலைச் சாலையில்தான் கற்றுக்கொள்கிறோம்.

பழைய சுவிட்சை மாட்டிவிட்டேன், அந்த ஈரம் நின்றது. மரை தப்பித்தது.

நேற்று வால்பாறை போய்வந்தேன். பின் இருக்கையில் நான்கு மூட்டை உரம், முன்னால் நண்பன், அவன் மடியில் மறுபடி பலகை. முழு ஏற்றத்தில் நீலத் தண்ணீர் அதிகபட்சம் 3 சென்டிமீட்டர். மேலே போய் அதே தேநீர்க் கடை ஓரம், அதே இடத்தில் நிறுத்தினேன். அடியில் வெள்ளை அட்டையை விரித்துவிட்டு இரண்டு தேநீர் குடித்தோம். அட்டையில் ஒன்றும் இல்லை. இறங்கி வந்து வீட்டில் இரவு முழுக்க அட்டை கிடந்தது. காலையில் ஒரு எறும்பு வரிசை மட்டும் போனது. ஆயில் குச்சியில் மேல் கோட்டிலேயே நிற்கிறது.

---

உடுமலை_வாணி

அண்ணா, வாழ்த்துகள். என் எஞ்சின் வண்டிக்குள் ஏறிவிட்டது, கழற்ற மனமில்லை. என் மெக்கானிக் திங்கட்கிழமை கியர் பெட்டியை இறக்கப் போகிறேன் என்கிறார். உங்கள் குழாயும் பலகையும் இரண்டு நாள் இரவல் கிடைக்குமா?

---

ஆழியார்_ஜிப்சி

சனிக்கிழமை உடுமலைச் சந்தைக்கு வருகிறேன், அப்படியே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன். டால்கம் பவுடர் மட்டும் வாங்கி வையுங்கள். எஞ்சினின் முதுகை வெள்ளிக்கிழமையே கழுவிக் காயவிட்டுவிடுங்கள், நான் வந்ததும் அமராவதி அணைப் பக்கம் ஏறிப் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை கியர் பெட்டி வேலையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.